அறுந்த ஒயருக்கு யார் பொறுப்பு

28 ஏப்ரல் 2008, திங்கள்

ரங்கூனுக்கு அக்கரையில், தன்லியினில் ஒரு அரிசி ஆலைக்கு மோட்டார் லைன் இழுத்துக் கொடுத்துவிட்டு ஐந்து மணி பஸ்ஸில் திரும்பினேன். சந்து முனையில் அதே முகங்கள். போன செப்டம்பரில் புத்த பிக்குகள் ஊர்வலம் போனபோது பள்ளிக்கூட மண்டபத்தில் வந்து குந்தியவன்கள், இன்னும் எழுந்திருக்கவில்லை. பிள்ளைகள் பரீட்சையை மடத்துத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து எழுதின.

சொந்த நாட்டுப் பட்டாளம் என்கிறார்கள். சொந்தக்காரன் எவனாவது தினமும் பையைத் திறந்து காட்டு என்பானா? கட்டிங் பிளேயர், டெஸ்டர், இரண்டு ஹோல்டர். முப்பது வருஷமாக வீட்டு வயரிங் செய்கிறவன் பையில் வேறென்ன இருக்கும்? இன்றும் பிளேயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஊரைப் பிடித்து உட்கார்ந்திருக்கிற பட்டாளம் இது. நான் அப்படித்தான் சொல்வேன், இந்த நோட்டிலாவது.

எதிர்வீட்டு மோகன் வேலை முடிந்து வந்தான். "என்ன பாய், இன்னிக்கு லேட்டா" என்று தமிழில் கேட்டான். பட்டாளத்தான் துப்பாக்கிக் கட்டையால் தரையைத் தட்டி, "ஏ கலா, பர்மியத்தில் பேசு" என்றான். கலா என்பது நமக்கு அவர்கள் வைத்திருக்கும் ஏச்சு. இந்த எட்டு மாதத்தில் அதுவும் பழகிவிட்டது. வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் பர்மியம். யோசிக்காமலே நாக்கு மாறிக்கொள்கிறது.

ஏழு மணிக்குப் போன கரண்ட் எட்டரைக்கு வந்தது. வந்ததும் வழக்கம்போல் சந்து முழுக்க "மீ லாபி, மீ லாபி" என்று கூச்சல். கரண்ட் வந்தாச்சு என்று அர்த்தம். பர்மியத்தில் நெருப்புக்கும் மீ, விளக்குக்கும் மீ, கரண்டுக்கும் மீ. ரங்கூனில் எல்லா ஜாதியும் சேர்ந்து சந்தோஷப்படுவது இந்த ஒன்றுக்குத்தான்.

என் வீட்டுக்காரி மதீனா நோட்டை எட்டிப் பார்த்து, "மாஹிர் வாப்பா, இதை யாரு படிக்கப் போறா" என்றாள். யாரும் படிக்கமாட்டார்கள் என்பதால்தான் எழுதுகிறேன். மகன் மாஹிர் மலேசியா போய் மூன்று வருஷம். இங்கே இருந்தபோதும் அவனுக்குத் தமிழ் காதோடு சரி. பட்டாளத்தானுக்குக் காட்டினால் கோழி கிளறியது என்பான்.

3 மே, சனி

உயிரோடு இருக்கிறோம். ராத்திரி முழுக்கக் காற்று. கூரைத் தகரம் ஆறு போய்விட்டது. சந்தில் இருந்த இரண்டு பெரிய மரமும் படுத்துவிட்டன. மோகன் வீட்டு முன்னால் கம்பம் சாய்ந்து, ஒயர் அறுந்து பாதையில் கிடக்கிறது. ஊர் முழுக்கக் கரண்ட் இல்லை.

4 மே, ஞாயிறு

மோகன்தான் எல்லோரையும் கிளப்பினான். கை ரம்பம், வெட்டுக்கத்தி, மடத்திலிருந்து நாலு பிக்குகள். காலை ஆறிலிருந்து மரத்தை அறுத்தோம். என் வயசு ஐம்பத்தெட்டு, முதுகு விட்டுப்போய்விட்டது. மண்டபத்து வாசலில் பத்துப் பட்டாளத்தான்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

மோகன் ஒருவனைக் கூப்பிட்டான். ஒரு கிளையை இழுக்கக் கை கொடு என்று நல்லபடியாகத்தான் கேட்டான். அவன் சொன்னான், "நான் தாவுனில் இருக்கிறேன்."

தாவுன் என்றால் கடமை, ட்யூட்டி. தடிமாடு. எதற்கு ட்யூட்டி? விழுந்த மரம் ஓடிப்போகாமல் காவலா?

6 மே, செவ்வாய்

ஒயர் அப்படியே கிடக்கிறது. சனங்கள் தாண்டித் தாண்டிப் போகிறார்கள். செத்த ஒயர்தான், சரி. கரண்ட் எப்போது விடுவான் என்று யாருக்குத் தெரியும்? விட்டால் அது பாம்பு. இந்தச் சந்தில் இது தெரிந்தவன் நான் ஒருத்தன்.

மண்டபத்துக்குப் போய்ச் சொன்னேன். அங்கிருந்த சார்ஜென்ட் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "அது அரசாங்கச் சொத்து, தொடாதே. போன தடவை மறந்துபோச்சா" என்றான்.

மறக்கவில்லை. செப்டம்பரில் ஒரு வீட்டுக்கு லைன் கொடுக்கக் கம்பத்தில் ஏறியிருந்தேன். பிக்குகள் தப்பி ஓட விளக்கை அணைத்தேன் என்று இறக்கிக் கொண்டுபோனார்கள். ஒன்பது நாள். அரசாங்கச் சொத்தைச் சேதப்படுத்தினேனாம். வெளியே வரும்போது இனிமேல் கம்பத்துப் பக்கம் போகமாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

7 மே, புதன்

மழை. தண்ணீர் லாரி வரவில்லை. பட்டாளத்துக்கு வந்தது.

9 மே, வெள்ளி

இரண்டாவது தடவை சொன்னேன். இன்று வார்டு ஆபீஸில். தலைவர் சுவரில் ஒட்டியிருந்த தாளைக் கையால் காட்டினார். எனக்குப் பர்மியம் பேச்சுக்குக் குறையில்லை, படிக்கத்தான் எழுத்துக் கூட்ட வேண்டும். கூட்டிப் படித்தேன். அவரவர் வீட்டு முன்னால் உள்ள இடைஞ்சலும் ஆபத்தும் அவரவர் தாவுன். பொறுப்பு என்பதற்கும் அதே சொல்தான். பட்டாளத்தான் சொன்னால் அவன் அசையாமல் நிற்கலாம் என்று அர்த்தம். நம் பேருக்கு முன்னால் வந்தால் நம் கழுத்து.

"சார்ஜென்ட் தொடாதே என்கிறார், நீங்கள் பொறுப்பு என்கிறீர்கள், எதைக் கேட்க" என்றேன். "இரண்டையும்" என்றார் தலைவர். சிரிக்காமல் சொன்னார்.

10 மே, சனி

யாரும் தடுக்கி விழக்கூடாது என்று மோகன் ஒயரின் அறுந்த முனையைத் தூக்கித் தன் வீட்டு மரத்தூணில் கட்டிவிட்டான். நெஞ்சு உயரத்துக்குத் தொங்குகிறது. மத்தியானம் பார்த்தால் பவானி அதில் துணி காயப்போடுகிறாள். அவள் அவன் பெண்டாட்டி, நல்ல பெண், என்னை அண்ணன் என்பாள். அவளைப் பார்த்து இன்னும் இரண்டு வீடு.

வீட்டுக்குள் கூப்பிட்டு மோகனைத் திட்டினேன். அவனும் விடவில்லை.

"பாய், பிளேயர் உங்ககிட்ட இருக்கு. கம்பத்துக்கிட்ட வெட்டி விட்டா ரெண்டு நிமிச வேலை. எதுக்கு இவ்வளவு பேச்சு?"

"உள்ளே போய் ஒன்பது நாள் இருந்தவன் நானா நீயா?"

"சரி, பிளேயரை என்கிட்ட குடுங்க. நான் வெட்டுறேன்."

"உனக்கு என்னடா தெரியும் கம்பத்தைப் பத்தி? அது அவனுங்க வேலை. நாட்டையே புடிச்சு வெச்சிருக்கானுங்கள்ல, இந்த ஒயரையும் புடிக்கட்டும்."

"அவனுங்க வர மாட்டானுங்க பாய். இருக்கிறது நாமதான்."

பிளேயரைக் கொடுக்கவில்லை.

12 மே, திங்கள்

சாப்பிடும்போது மதீனா கேட்டாள், "உங்களுக்கு பயமா, இல்ல ரோசமா?" பயம் என்று சொன்னேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

பயம் இருக்கிறது, இல்லாமல் இல்லை. அது பாதிதான். மீதியை இங்கே எழுதுகிறேன். அந்த ஒயர் அங்கேயே கிடக்க வேண்டும் என்று இருக்கிறது எனக்கு. புயலால் தள்ளிப்போட்ட அரசியல் சட்ட ஓட்டு வருகிறது, பெரிய அதிகாரி எவனாவது வார்டைப் பார்க்க வருவான். அவன் கண்ணில் அது பட வேண்டும். அத்தனை பேர் முன்னால் நான் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும். அதற்காகத்தான் வெட்டாமல் வைத்திருக்கிறேன். எழுதிப் பார்த்தால் எனக்கே நன்றாக இல்லை.

13 மே, செவ்வாய்

மூன்றாவது தடவை. கேப்டனையே பார்த்தேன். போஜீ என்று கூப்பிட வேண்டும், கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். இரண்டும் செய்தேன். வயசு முப்பது இருக்கும், முகத்தில் பவுடர் வாசனை. "கரண்ட் விடுவதற்கு முன்னால் சந்துக்குச் சொல்லியாவது விடுங்கள், துணி காயப்போடுகிறார்கள்" என்றேன். குறித்துக்கொண்டான். குறித்ததை நானே பார்த்தேன்.

16 மே, வெள்ளி

பெரிய அதிகாரி வந்தார். அடுத்த தெருவைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

19 மே, திங்கள்

மோகன் போய்விட்டான்.

இன்றைக்கே எழுதிவிட வேண்டும், நாளைக்கு எனக்கே மாற்றிச் சொல்லிக்கொள்வேன்.

நாலு மணி இருக்கும். மழை பிடிக்கத் தொடங்கியது. நான் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். மோகன் துணி எடுக்க வந்தான். சாக்கடை பொங்கி அவன் கணுக்கால் வரை தண்ணீர். அப்போது முனை வீட்டில் குழல் விளக்கு இரண்டு தடவை கண்ணடித்து எரிந்தது. பதினாறு நாள் கழித்து. சந்து முழுக்க ஒரே சத்தம். மீ லாபி, மீ லாபி. பிள்ளைகள் தட்டைத் தட்டுகின்றன.

நான் கத்தினேன். என்ன கத்தினேன்? "மீ, மோகன், மீ, மீ" என்று கத்தினேன்.

அவன் திரும்பினான். சிரித்தான். "லாபி பாய், லாபி" என்றான். நானும் சந்தோஷத்தில் கூவுகிறேன் என்று நினைத்துவிட்டான். சிரித்தபடியே ஈரக் கைலியோடு சேர்த்து ஒயரைப் பிடித்தான்.

தொடாதடா என்று ஒரு வார்த்தை. தமிழில் ஒரே ஒரு வார்த்தை. அவனிடம் நான் வேறு எதில் பேசியிருக்கிறேன்? இருபது வருஷமாக அவனும் நானும் தமிழ்தானே. எட்டு மாதத்தில் என் நாக்கைத் திருப்பி வெச்சிட்டானுங்க, படுபாவிங்க. இல்ல, அவனுங்க மேல மட்டும் போடாதே. கத்துனது நீ. பிளேயர் பையில வெச்சிருந்தது நீ.

மர முக்காலியால் ஒயரைத் தட்டிவிட்டேன். நெஞ்சை அழுத்தினோம். மண்டபத்துக்கு ஓடி லாரி கேட்டேன். மூன்று லாரி நிற்கிறது. உத்தரவு இல்லாமல் எடுக்க முடியாதாம். சைக்கிள் ரிக்ஷாவில் வைத்து நானும் பவானியும் பிடித்துக்கொண்டு போனோம். பாதி வழியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்கும் தெரிந்திருக்கும்.

சந்து லைன் பள்ளிக்கூட லைனோடு சேர்ந்தது. சனிக்கிழமை மண்டபத்தில் ஓட்டுச்சாவடி, அதற்கு விளக்கு வேண்டுமாம். அதற்காக விட்டிருக்கிறார்கள். யாருக்கும் சொல்லவில்லை.

20 மே, செவ்வாய்

எரித்துவிட்டு வந்தோம். காலையில் விடிவதற்கு முன் போய் ஒயரைக் கம்பத்தடியில் வெட்டினேன். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. எவனும் என்னைத் தடுக்கவில்லை.

23 மே, வெள்ளி

வார்டுத் தலைவர் ஒரு தாளோடு வீட்டுக்கு வந்தார். படித்துக் காட்டினார். இறந்தவர் தன் கவனக்குறைவால் மின்கம்பியைத் தொட்டார், வேறு எவருக்கும் பொறுப்பு இல்லை. கரண்ட் வேலை தெரிந்த அக்கம்பக்கத்தான் ஒருவன் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். அதற்கு நான்.

அவன் கவனக்குறைவா? இந்தச் சந்தில் கவனமாக இருந்த ஒரே மனுஷன் அவன்தான். மரத்தை அறுத்தவன் அவன், ஒயரைத் தூக்கிக் கட்டியவன் அவன். கையெழுத்துப் போடமாட்டேன் என்றேன். "யோசித்துக்கொள் ஊ கபீர், ஏற்கெனவே உன் பெயர் அங்கே இருக்கிறது" என்றார். பெயருக்கு முன்னால் மரியாதைக்கு ஒரு ஊ வேறு.

24 மே, சனி

ரங்கூனுக்கு இன்று ஓட்டு. போகாவிட்டால் பெயரைக் குறித்துக்கொள்வார்கள். போனேன். மண்டபத்தில் விளக்கு பளிச்சென்று எரிந்தது.

26 மே, திங்கள்

நாளை மண்டபத்துக்குப் போய் நானே வாக்குமூலம் கொடுக்கப் போகிறேன். மூன்று தடவை சொன்னதை, சொல்லாமல் கரண்ட் விட்டதை, லாரி தராததை எல்லாம் சொல்வேன். பிறகு என்னுடையதையும் சொல்வேன். வெட்டத் தெரிந்தும் வெட்டவில்லை, கேட்டவனுக்குப் பிளேயரும் கொடுக்கவில்லை. அவர்கள் மாதிரி நானும் பாதியை மறைத்தால் எனக்கும் அவர்களுக்கும் என்ன வித்தியாசம்? மதீனா, "உங்க யோக்கியத்தை அல்லாகிட்ட காட்டுங்க, போஜீகிட்ட எதுக்கு" என்கிறாள். அவளுக்கு இது புரியாது.

13 ஜூன், வெள்ளி

நேற்று விட்டார்கள். பதினாறு நாள். அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை.

நடந்தது இதுதான். நான் சொல்லச் சொல்ல கிளார்க் எழுதினான். இரண்டு பக்கம் வந்தது. முதல் பக்கம் முழுக்க அவர்கள். இரண்டாம் பக்கம் நான். எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்தேன், எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கடைசியில் கையெழுத்துப் போட்டேன். ஒரு இடத்தில், இரண்டாம் பக்கத்து அடியில். முப்பது வருஷமாக ரசீது எழுதுகிறவன், பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து என்று தோன்றவில்லை பார்.

போஜீ வாசித்தான். முதல் பக்கத்தைத் தனியாக எடுத்து நாலாக மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். "இது போதும்" என்று இரண்டாம் பக்கத்தை ஃபைலில் வைத்தான். ரொம்ப மரியாதையாக, "மனசாட்சியுள்ள மனிதர்" என்று வேறு சொன்னான். அப்புறம் பூட்டச் சொன்னான்.

இப்போது வார்டு ஆபீஸ் சுவரில் தாள் ஒட்டியிருக்கிறது. வயரிங்காரனின் அலட்சியத்தால் நேர்ந்த மரணம். என் பெயர் இரண்டு இடத்தில். பட்டாளத்தின் பெயர் எங்கும் இல்லை.

17 ஜூன், செவ்வாய்

டீக்கடையில் நான் உட்கார்ந்ததும் இரண்டு பேர் எழுந்து போனார்கள். போகட்டும். யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. பவானி வீட்டுக் கதவு என் வாசலைப் பார்த்து இருக்கிறது, ஆனால் திறப்பதில்லை. பின்பக்கமாகப் போய் வருகிறாள்.

28 ஜூன், சனி

இன்று பவானியே வந்தாள். மதீனா பாய் விரித்தாள், வந்தவள் உட்காரவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டு, தப்பு என் பேரில்தான் பவானி என்று தொடங்கினேன். இந்த ஒரு மாதமாக மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தது.

"தெரியும் அண்ணே" என்றாள். "நீங்க பண்ணது தப்புதான், நான் இல்லன்னு சொல்ல வரல. அதை என்கிட்ட வந்து சொல்லியிருக்கணும். அவன்கிட்ட எதுக்கு சொன்னீங்க?"

அவள் உட்காராத பாயைச் சுருட்டத் தொடங்கினேன்.

"உங்க மனசு ஆறணும்னு ஒரு பக்கம் எழுதிக் குடுத்துட்டீங்க. அந்த ஒரு பக்கத்தை வெச்சே அவனுங்க அத்தனை பேரும் கழண்டுக்கிட்டானுங்க. என் வீட்டுக்காரரைக் கொன்னது நீங்க மட்டும்னு ஆகிப்போச்சு. நீங்க மட்டுமா கொன்னீங்க?"

"இல்ல" என்றேன்.

"அப்ப எதுக்கு முழுசையும் உங்க தலையில தூக்கி வெச்சுக்கிட்டீங்க? பெரிய மனுசன் ஆகிறதுக்கா?"

மதீனா உள்ளே போய்விட்டாள். எனக்குக் கோபம் வந்தது, நிஜமாகவே வந்தது. பதினாறு நாள் உள்ளே இருந்தவன் நான். சொல்லவும் வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

டவுன்ஷிப் மேல் ஆபீஸுக்கு மனு கொடுக்கப் போகிறாளாம். நான் எந்தெந்தத் தேதியில் போய்ச் சொன்னேன் என்பது வேண்டும். "தெனம் எழுதுவீங்களாமே, மதீனாக்கா சொன்னாங்க. குடுங்க பாப்போம்." கோயில் வகுப்பில் தமிழ் படித்தவள் என்பது எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது.

கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். ஆறாம் தேதி, ஒன்பது, பன்னிரண்டு, பதிமூன்று. பன்னிரண்டில் ரொம்ப நேரம் நின்றாள். அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டிருக்கலாமே என்று எனக்குத் தோன்றியது. பத்தொன்பதாம் தேதிக்கு வந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டாள். "அவர் சிரிச்சாரா" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

நோட்டை மூடிக் கொடுத்தாள். "பன்னெண்டாம் தேதி எனக்கும் உங்களுக்கும் உள்ளது. அது அங்க வேண்டாம். தேதி மூணையும் கரண்ட் விட்ட நேரத்தையும் தனித் தாள்ல எழுதுங்க. ஒவ்வொரு பக்கத்துலயும் கையெழுத்துப் போடுங்க. நாளு குறிச்சுட்டு சொல்றேன், சாட்சிக்கு வாங்க. வேற எதுக்கும் என் வீட்டுப் பக்கம் வராதீங்க."

சரி என்றேன். கும்பிடாமல் போனாள்.

3 ஜூலை, வியாழன்

வார்டுத் தலைவருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. வந்தார். ஒரு தடவை சொன்னதற்கு மாறாக இன்னொரு தடவை சொன்னால் பொய்ச் சாட்சி, மூன்று வருஷம் என்றார். "மாறாக இல்லை, முதல் பக்கத்தைத்தான் திரும்பச் சொல்லப் போகிறேன்" என்றேன். "எந்த முதல் பக்கம்" என்று கேட்டார். ஹராமி. அவரும் அந்த அறையில்தான் உட்கார்ந்திருந்தார்.

6 ஜூலை, ஞாயிறு

நாளை காலை பத்து மணிக்கு டவுன்ஷிப் ஆபீஸ். பவானி தனியாக வருவாள், நான் தனியாகப் போக வேண்டும், அங்கே வாசலில் சந்திக்க வேண்டும். மோகன் கூட வேலை பார்த்த அமீர் அலியும் சாட்சிக்கு வருவதாகச் சொல்லியிருந்தான். மத்தியானம் வந்து, பிள்ளைகுட்டிக்காரன் காக்கா, நீங்க அண்ணன் மாதிரி, மன்னிச்சுக்கங்க என்று சொல்லிவிட்டுப் போனான். அவனை ஏசவில்லை.

மூன்று பக்கம் எழுதியிருக்கிறேன். மூன்றிலும் கையெழுத்து.

சாயங்காலம் மதீனா பெட்டியிலிருந்து துணிப்பையை எடுத்து உதறினாள். இரண்டு கைலி, சோப்பு, தொழுகைத் தொப்பி, ரத்த அழுத்த மாத்திரை ஒரு மாதத்துக்கு. பல்பொடி வைக்கவில்லையே என்று கேட்டேன். "உள்ள போட்டுட்டா அதெல்லாம் அவனுங்க பொறுப்பு" என்றாள். சொல்லிவிட்டு எழுந்து போய் அதையும் எடுத்து வந்து வைத்தாள்.